உறுதிக்கும் பிடிவாதத்துக்கும் நடுவே

எடுத்த காரியத்தை முடித்தவருக்கு நம்மிடம் நிறையப் பாராட்டுச் சொற்கள் இருக்கின்றன. பாதியில் விட்டவருக்கு ஒரு நல்ல சொல் கூட இல்லை. 'முன்வைத்த காலைப் பின்வைக்காதவர்' என்று ஒருவரை மேடையில் புகழ்கிறோம். 'பின்வாங்கிவிட்டார்' என்றால் அது ஏச்சு. முன்னது உறுதி, பின்னது கோழைத்தனம் என்ற இந்தப் பகுப்பு எவ்வளவு தூரம் சரியானது என்பதே இக்கட்டுரையின் கேள்வி. ஒருவர் ஒரு காரியத்தில் நிலைத்து நிற்கும்போது அது உறுதியா பிடிவாதமா என்பதை வெளியில் நிற்கும் நாம், எல்லாம் முடிந்த பிறகு, முடிவைப் பார்த்துச் சொல்லிவிடுகிறோம். வென்றால் உறுதி, தோற்றால் பிடிவாதம். ஆனால் காரியத்தின் நடுவில் நிற்பவருக்கு அந்த முடிவு தெரியாது. அவர் தன்னை எதைக் கொண்டு அளப்பது?

இக்கேள்வியை நான் சந்தித்த இடம் கொஞ்சம் விசித்திரமானது. தொழில் நிமித்தம் அவுஸ்திரேலியாவில் வாழ்ந்த காலத்தில், வார இறுதி நாட்களில், ஒரு சிறிய பயிற்சி நிலையத்தில் ஹெலிகொப்டர் ஓட்டப் பழகினேன். கிழக்கில் பிறந்து வளர்ந்த என் வயதுக்காரருக்கு ஹெலிகொப்டர் என்பது முதலில் ஒரு யுத்தகாலச் சத்தம். அண்ணாந்து பார்ப்பதா, வீட்டுக்குள் ஓடுவதா என்று யோசிக்க வைத்த சத்தம். பிறகு 2000 செப்டெம்பர் 16ஆம் திகதி எம்.எச்.எம். அஷ்ரபும் அவருடன் சென்றவர்களும் அரநாயக்க மலைப்பகுதியில் விழுந்து மரணித்த செய்தி அந்தச் சொல்லோடு ஒட்டிக்கொண்டது. 2004 டிசம்பரில் கடல் ஊருக்குள் புகுந்து போன பின்னர், பாதைகள் அற்றுப்போன இடங்களுக்கு உணவும் மருந்தும் கொண்டு வந்ததும் அதே இயந்திரம்தான். இத்தனை நினைவுகளைச் சுமந்த ஒரு பொருளை உள்ளே இருந்து அறியவேண்டும் என்ற ஆசையைத் தவிர எனக்கு வேறு காரணம் இருக்கவில்லை. அங்கே நான் கற்றவற்றுள் மிகக் கடினமானதும், பறத்தலுக்கு வெளியேயும் என்னை விடாமல் தொடர்வதும் ஒன்றுதான்: தரையில் ஓரிடத்தைக் குறிவைத்து, அதை நோக்கிச் சீராக இறங்கி வருவது. விமானிகள் இதனை அப்ரோச் என்கிறார்கள்.

நான் பழகியது ரொபின்சன் ஆர் 22. 1975இல் முதன்முதலாகப் பறந்த, இருவர் மட்டும் அமரக்கூடிய சிறு ஹெலிகொப்டர். ஆட்களும் எரிபொருளும் உட்பட அதன் மொத்த நிறை ஏறக்குறைய 620 கிலோவைத் தாண்டக்கூடாது. வட அவுஸ்திரேலியாவின் பெரும் பண்ணைகளில் மாடு சாய்ப்பதற்கும் இதைத்தான் பயன்படுத்துகிறார்கள். ஓட்டுபவரின் இடது கையில் கலெக்டிவ் என்னும் நெம்புகோல் இருக்கும். அதை உயர்த்தினால் மேலே சுழலும் விசிறியின் தகடுகள் ஒருசேரக் கோணம் கூடி இயந்திரத்தைத் தூக்கும். வலது கையில் சைக்ளிக்; அது சுழலும் விசிறியை முன்னும் பின்னும் பக்கவாட்டிலும் சாய்த்துப் போகும் திசையைத் தீர்மானிக்கும். கால்களில் இரண்டு பெடல்கள். அவை வாலிலுள்ள சிறு விசிறியின் வழியாக மூக்கு எந்தப் பக்கம் பார்க்கவேண்டும் என்பதைச் சொல்லும்.

இம்மூன்றும் ஒன்றோடொன்று பிணைந்திருப்பதுதான் தொல்லை. கலெக்டிவை உயர்த்தினால் மூக்கு வலப்பக்கம் திரும்பப் பார்க்கும். அதைத் தடுக்க இடது பெடலை அழுத்தவேண்டும். அழுத்தினால் இயந்திரம் பக்கவாட்டில் நகரப் பார்க்கும். அதற்கு சைக்ளிக்கைத் தொடவேண்டும். ஒன்றைத் திருத்தினால் மற்ற இரண்டும் கணக்குக் கேட்கும். ஆகவேதான் பயிற்றுநர்கள் புதியவரிடம் முதலில் ஒரு கருவியை மட்டும் கொடுத்து, மற்ற இரண்டையும் தாங்களே வைத்துக்கொள்கிறார்கள்.

சாதாரணமான ஓர் இறங்குதல் இப்படி அமையும். தரையிலிருந்து 500 அடி உயரத்தில், 60 நொட் வேகத்தில், அதாவது மணிக்கு ஏறக்குறைய 110 கிலோமீற்றரில், காற்றை எதிர்நோக்கி வருகிறோம். இறங்கவேண்டிய இடம் முன்கண்ணாடியில் தெரிகிறது. அந்த இடத்துக்கும் நமக்கும் இடையிலான சரிவு ஏறக்குறைய 10 பாகை ஆனதும் கலெக்டிவைத் தாழ்த்தி இறங்கத் தொடங்குகிறோம். பெரிய பயணிகள் விமானங்கள் 3 பாகைச் சரிவில் ஓடுபாதையை நோக்கி வருகின்றன. ஹெலிகொப்டரின் சரிவு அதைவிடச் செங்குத்தானது. இனி அந்தச் சரிவை மாறவிடக்கூடாது. இதை அறிவதற்குக் கருவி எதுவும் தேவையில்லை. இறங்கும் இடம் கண்ணாடியில் ஒரே புள்ளியில் நிற்கிறதா என்று பார்த்தால் போதும். அது மேலே ஏறினால் நாம் அதை எட்டமாட்டோம். இந்தப் பக்கமே விழுவோம். காலடியை நோக்கிக் கீழே இறங்கினால் அதைத் தாண்டிப் போய்விடுவோம். வேகத்துக்கும் இதுபோல ஓர் அளவு சொல்லித்தருகிறார்கள்: கீழே ஓடும் தரை, ஒரு மனிதர் சுறுசுறுப்பாக நடக்கும் வேகத்தில் நகர்வது போலக் கண்ணுக்குத் தெரியவேண்டும். உயரம் குறையக் குறைய அதே வேகம் கூடியது போலத் தோன்றும் என்பதால், கண்ணுக்கு அது மாறாதிருக்க, உண்மையான வேகத்தைச் சிறிது சிறிதாகக் குறைத்துக்கொண்டே வரவேண்டும். கடைசியில் தரைக்கு மூன்றடி மேலே, வேகம் பூச்சியமாகி, அந்தரத்தில் நிற்கவேண்டும்.

தரையில் நின்று இதைப் பார்ப்பவருக்கு, கண்ணுக்குத் தெரியாத கயிறொன்றில் கட்டி யாரோ மெதுவாக இறக்குவது போலிருக்கும். அவ்வளவு அசையாமை. உள்ளே இருப்பவரின் கைகளைப் பார்த்தால்தான் விசயம் தெரியும். அவை ஒரு கணமும் ஓய்வதில்லை. வலது முழங்கையைத் தொடையில் ஊன்றி, விரல் நுனிகளால் சைக்ளிக்கை ஒரு சில மில்லிமீற்றர் அப்படியும் இப்படியும் அழுத்திக்கொண்டேயிருக்கிறார். காற்று மாறுகிறது, அதற்கொரு திருத்தம். அந்தத் திருத்தம் தந்த விளைவுக்கு இன்னொரு திருத்தம். புதிதாகப் பழகுபவர்களுக்கும் கைதேர்ந்தவர்களுக்கும் உள்ள வித்தியாசம் திருத்தங்களின் எண்ணிக்கையில் இல்லை. கைதேர்ந்தவர் விலகல் சிறிதாக இருக்கும்போதே சிறிதாகத் திருத்துகிறார். புதியவர் அது பெரிதாகும்வரை காத்திருந்து, பிறகு பெரிதாகத் திருத்துகிறார். இயந்திரம் மறுபக்கம் பாய்கிறது. அதை இழுத்துப்பிடிக்க இன்னும் பெரிய திருத்தம். ஊஞ்சல் போல ஆட்டம் தொடங்கிவிடுகிறது. அந்த ஆட்டத்துக்குக் காற்றைக் குறை சொல்லமுடியாது.

உறுதி பற்றிய நமது படிமங்கள் பெரும்பாலும் பாறையும் மலையும் தூணுமாகவே இருக்கின்றன. அசையாதவையே உறுதியானவை என்று நினைக்கப் பழகியிருக்கிறோம். இறங்கி வரும் ஹெலிகொப்டர் தரும் படிமம் வேறு. அங்கே கையை இறுக்கிப் பிடித்து அசையாமல் இருப்பவர் சில விநாடிகளில் பாதையை விட்டு விலகிப்போவார். காற்று அவருக்காக அசையாமல் நிற்காது. மாறாதிருப்பது இலக்கும் சரிவும் மட்டுமே. அவற்றை மாறாமல் வைத்திருக்க மற்ற எல்லாம் மாறிக்கொண்டே இருக்கவேண்டும். ஒரு கொள்கையில் நாற்பது வருடம் நின்றேன் என்று ஒருவர் சொன்னால், அந்த நாற்பது வருடத்தில் எத்தனை முறை உங்களைத் திருத்திக்கொண்டீர்கள் என்று கேட்கத் தோன்றுகிறது. ஒரு முறையும் இல்லை என்பது அவரது விடையானால், அவர் நின்றது கொள்கையிலா பழக்கத்திலா என்ற சந்தேகம் எழுவது நியாயமே.

ஆனால் திருத்திக்கொள்வது பற்றிய இந்தப் பாடம் இலகுவானது. அதற்கடுத்த பாடமே என்னை அதிகம் சங்கடப்படுத்தியது.

இறங்குபாதையின் கடைசிப் பகுதியில் ஹெலிகொப்டரின் இயல்பு மாறுகிறது. முன்னோக்கிய வேகம் இருக்கும்வரை விசிறிக்குக் குழம்பாத புதுக்காற்று கிடைத்துக்கொண்டிருக்கும். வேகம் ஏறக்குறைய 20 நொட்டுக்குக் கீழே வந்ததும் அந்த உதவி போய்விடும். தானே கலக்கிய காற்றில் தன்னைத் தூக்கவேண்டிய நிலை வருவதால் திடீரென்று அதிக சக்தி தேவைப்படும். மிக மெதுவாகவும் மிகச் செங்குத்தாகவும் இறங்கி வந்தால் இன்னொரு ஆபத்து இருக்கிறது. தான் கீழே தள்ளிய காற்றுக்குள்ளேயே விசிறி இறங்கிவிடும்; காற்று அதன் ஓரங்களில் வளையமாகச் சுற்றத் தொடங்கும்; இயந்திரம் கல்லைப் போல விழும். விழுகின்றது என்று கண்டதும் மனிதக் கை இயல்பாகச் செய்வது கலெக்டிவை இழுத்து இன்னும் சக்தி கொடுப்பது. அந்த நிலையில் அது வீழ்ச்சியை மோசமாக்கும். இன்னும் முயன்றால் காப்பாற்றிவிடலாம் என்ற எண்ணமே அங்கே கொல்லும். வெளியேறுவதற்கு, நேரே கீழே போகும் அந்த வழியைக் கைவிட்டு, முன்னோக்கியோ பக்கவாட்டிலோ நகர்ந்து கலங்காத காற்றைத் தேடவேண்டும். அதற்கு உயரம் செலவாகும். செலவழிக்க உயரம் மிச்சமிருந்தால் மட்டுமே தப்பலாம்.

ஆகவே பயிற்சியில், இறங்குவதோடு சேர்த்து இறங்காமல் விடுவதையும் கற்றுத் தருகிறார்கள். கோ அரவுண்ட் என்பது அதன் பெயர். சரிவு கெட்டுவிட்டது, வேகம் சரியில்லை, காற்று திசைமாறிவிட்டது, இறங்கும் இடத்தில் யாரோ நடந்து வருகிறார்கள் — எதுவானாலும் சக்தி கொடுத்து, வேகம் எடுத்து, மேலெழுந்து, சுற்றி வந்து மறுபடி தொடங்கவேண்டும். மரங்கள் சூழ்ந்த குறுகிய வெளியில் இறங்குவதென்றால் இது இன்னும் கடுமையாகிறது. அங்கே ஓர் உயரம் இருக்கிறது. அதற்குக் கீழே போய்விட்டால், வேகமும் போய், சுற்றிலும் மரங்களும் வந்துவிட்டால், மேலெழுந்து போக வழியில்லை, இறங்கியே ஆகவேண்டும். அந்த உயரம் எது என்பதை வரும்போது தேடக்கூடாது. முதலில் மேலே சுற்றிவந்து, இடத்தின் அளவையும் சரிவையும் தரையின் தன்மையையும் பார்த்து, எஞ்சினில் எவ்வளவு சக்தி மிச்சமிருக்கிறது என்று சோதித்து, 'இந்த உயரத்தில் எல்லாம் சரியாக இல்லையென்றால் திரும்பிவிடுவேன்' என்று முன்கூட்டியே தீர்மானிக்க வேண்டும்.

தத்துவவாதியும் நாவலாசிரியருமான ஐரிஸ் மர்டோக், 1970இல் வெளியான தனது நூலொன்றில் ஒழுக்கத் தெரிவுகள் பற்றி முன்வைத்த கருத்து இங்கே ஞாபகம் வருகிறது. முக்கியமான தீர்மானம் என்று நாம் நினைக்கும் கணம் வரும்போது, தீர்மானிக்கும் வேலை பெரும்பாலும் ஏற்கனவே முடிந்திருக்கும் என்பது அவரது பார்வை. அதற்கு முந்திய சாதாரண நாட்களில் நாம் எதை எப்படிக் கவனித்து வந்தோம் என்பதே அதைத் தீர்மானித்துவிடுகிறது. மரங்களுக்கு நடுவே இறங்குபவருக்கு இது தத்துவமல்ல, செய்முறை. ஐம்பதடி உயரத்தில் அவரது மன உறுதி எதையும் தீர்மானிப்பதில்லை. மேலே சுற்றிவந்தபோது அவர் காட்டிய பொறுமை தீர்மானித்துவிட்டது.

இது இவ்வளவு தெளிவாக இருக்கும்போது விமானிகள் தயங்காமல் திரும்பிவிடுவார்கள் என்றுதான் எண்ணத் தோன்றும். நடப்பது வேறு. பயணிகள் விமானங்களின் தரையிறக்கத்துக்கு எழுதிவைத்த எல்லைகள் உண்டு. முகிலுக்குள் வந்தால் 1000 அடியிலும், தெளிந்த வானில் 500 அடியிலும் வேகம், சரிவு, இயந்திர நிலை எல்லாம் சீராக இருக்கவேண்டும்; இல்லையேல் இறங்குவதைக் கைவிட வேண்டும். வானப் பயணப் பாதுகாப்புக்கான ஃபிளைட் சேஃப்டி ஃபவுண்டேஷன் அமைப்பு 2017இல் வெளியிட்ட அறிக்கையின்படி, இவ்வாறு சீர்கெட்ட இறங்குதல்களில் 97 சதவீதமானவை கைவிடப்படாமல் தரையிறக்கத்திலேயே முடிகின்றன. நூற்றுக்கு மூன்று பேரே திரும்புகிறார்கள். பயிற்சியும் அனுபவமும் உள்ளவர்கள், விதியை அறிந்தவர்கள் பற்றிய கணக்கு இது.

இந்த 97இல் மிகப் பெரும்பாலானவை விபத்தில்லாமல் முடிகின்றன. சிக்கல் இருப்பதும் அங்கேதான். விதியை மீறி இறங்கியவர் பத்திரமாக இறங்கிவிடுகிறார். பயணிகள் நன்றி சொல்லிப் போகிறார்கள். நேரம் மிச்சம், எரிபொருள் மிச்சம். இறங்கியது சரிதான் என்று அவரது மனம் எழுதிக்கொள்கிறது. அடுத்த முறை எல்லை இன்னும் சற்றுத் தள்ளிப்போகிறது. 1976இல் பேர்னார்ட் வில்லியம்ஸும் தோமஸ் நேகலும் 'ஒழுக்க அதிர்ஷ்டம்' என்ற பெயரில் விவாதத்துக்கு எடுத்தது இந்தப் புதிரைத்தான். ஒரேவிதமாக அசட்டையாக நடந்துகொண்ட இருவரில் ஒருவருக்கு மட்டும் குறுக்கே ஒரு பிள்ளை ஓடி வந்தால், அவரைக் குற்றவாளி என்கிறோம்; மற்றவரை யாரும் கேள்வி கேட்பதில்லை. இருவரின் செயலும் ஒன்று. வேறுபட்டது அதிர்ஷ்டம் மட்டுமே. அப்படியானால் நாம் தீர்ப்புச் சொல்வது எதைப் பற்றி?

என் பயிற்றுநர் இந்தப் புத்தகங்கள் எதையும் படித்தவரல்லர். ஆனால் இப்புதிருக்கு அவரிடம் ஒரு நடைமுறை விடை இருந்தது. மெத்தென்று தரை தொட்ட பிறகும் அவர் பேசுவது இறங்குபாதையைப் பற்றியே. முன்னூறடியில் சரிவு எப்படி இருந்தது, நூறடியில் வேகம் என்ன, சக்தி எவ்வளவு மிச்சமிருந்தது என்று கேட்பார். பாதை கெட்டிருந்தால், இறக்கம் எவ்வளவு அழகாக முடிந்திருந்தாலும் அவர் கணக்கில் அது தோல்வி. கைவிட்டு மேலெழுந்து சுற்றிவந்தால் அது நல்ல பாடம் என்று நாட்குறிப்பில் எழுதுவார். பல விமானக் கம்பனிகளும், இறங்குவதைக் கைவிட்ட விமானியிடம் ஏன் என்று குற்றம் கேட்கப்படமாட்டாது என்று விதியாகவே வைத்திருக்கின்றன. திரும்புவதில் உள்ள வெட்கத்தை நீக்கினால்தான் மனிதர்கள் திரும்புவார்கள் என்பதை அவர்கள் உணர்ந்திருக்கிறார்கள்.

சீராக இருப்பதாகத் தோன்றுவதும் சீராக இருப்பதும் ஒன்றல்ல என்பதற்கு ஒரு துயரமான உதாரணம் உண்டு. 2013 ஓகஸ்ட் 23ஆம் திகதி, வடகடலின் எண்ணெய்த் தளங்களில் வேலைசெய்தவர்களை ஏற்றிவந்த சூப்பர் பூமா ஹெலிகொப்டர் ஒன்று, ஸ்கொட்லாந்தின் ஷெட்லண்ட் தீவுகளிலுள்ள சம்பரோ விமான நிலையத்தில் இறங்க வந்தது. விமானிகள் இருவர், பயணிகள் 16 பேர். தாழ்ந்த முகில். இறங்கும் வீதத்தைத் தன்னியக்கக் கருவி மாறாமல் பேணிக்கொண்டிருந்தது. வேகத்தைப் பேணுவது விமானிகளின் பொறுப்பு. கொடுத்த சக்தி போதாமலிருந்ததால், இறங்கும் வீதத்தை மாறாமல் வைக்க, கருவி மூக்கை மெல்ல மெல்ல உயர்த்தியது. வேகம் குறைந்துகொண்டே போனது. ஒரு எண் அசையாமல் நின்றது. இன்னொரு எண் அதற்கு விலை கொடுத்துக்கொண்டிருந்தது. அதைக் கண்டபோது மீட்பதற்கு உயரம் இருக்கவில்லை. ஹெலிகொப்டர் கடலில் விழுந்து கவிழ்ந்தது. பயணிகளில் நால்வர் இறந்தார்கள். வேகமானியை உரியவாறு கவனிக்காதிருந்ததையே விசாரணை முதன்மையாகச் சுட்டியது.

இதைப் படித்ததிலிருந்து, நிலையாக நிற்பதாகச் சொல்லப்படும் எதையும் பார்க்கும்போது, இது எதைத் தின்று நிலைத்து நிற்கிறது என்று எனக்குள் கேட்டுக்கொள்கிறேன். கௌரவம் குலையாத ஒரு குடும்பம், பிளவுபடாத ஒரு கட்சி, வருடந்தவறாமல் விழா எடுக்கும் ஒரு சங்கம். அவற்றின் அசையாமைக்கு யாரோ ஒருவரின் மௌனம் விலையாகிக்கொண்டிருக்கலாம்.

நமது ஊர்களில் நான் கண்ட ஒரு நிலைமையைச் சொல்லலாம். கலியாணம் பேசி முடிந்துவிட்டது. இடையில், மாப்பிள்ளை பற்றியோ பெண்ணின் விருப்பமின்மை பற்றியோ ஏதோ ஒன்று தெரியவருகிறது. உம்மாவுக்குத் தெரியும், ராத்தாவுக்குத் தெரியும், மாமாமார் இருவருக்குத் தெரியும். எல்லோரும் ஒரே வசனத்தையே சொல்கிறார்கள்: 'கார்ட் அடிச்சாச்சே.' அச்சடித்த கார்டுக்கு என்ன விலை? சில ஆயிரம் ரூபாய். ஆனால் அது மரங்களின் உயரத்துக்குக் கீழே வந்துவிட்டது போல எல்லோரையும் நம்பவைக்கிறது. உண்மையில் கார்ட் அடித்த பிறகும் மேலெழுந்து போகப் போதிய உயரம் இருக்கிறது. வீடு கட்டி முடித்த பிறகும் இருக்கிறது. இல்லாதது, திரும்புவதற்கு ஒரு கண்ணியமான சொல். அது இல்லாமையால் ஒரு பெண்பிள்ளை தன் வாழ்நாளை விலையாகக் கொடுக்கிறாள். சபையோர் அதை வாக்குத் தவறாமை என்கிறார்கள்.

இதுவரை சொன்னதற்கு வலுவான ஒரு மறுப்பு உண்டு. திரும்பிப் போவது எப்போதும் பாதுகாப்பானதல்ல. திரும்புவதற்கும் விலை உண்டு. அதை வேறு யாரோ கொடுக்கவேண்டி வரும். நோயாளரை ஏற்றிச்செல்லும் ஹெலிகொப்டர்களில் இந்த மறுப்பு மிகக் கூர்மையாகிறது. அமெரிக்காவில் இத்தகைய சேவைகள் பலவற்றில் ஒரு நடைமுறை பின்பற்றப்படுகிறது. அழைப்பு வரும்போது விமானியிடம் இடம், தூரம், காலநிலை பற்றி மட்டுமே சொல்கிறார்கள். நோயாளர் யார், குழந்தையா முதியவரா, உயிர் ஊசலாடுகிறதா என்பதைச் சொல்வதில்லை. போகலாமா என்று அவர் முடிவெடுத்த பிறகுதான் அவருக்குத் தெரியவரும். அதோடு, விமானி, தாதி, மருத்துவ உதவியாளர் ஆகியோரில் எவரேனும் ஒருவர் வேண்டாம் என்றால் போதும், பயணம் நின்றுவிடும். போவதற்கு எல்லோரும் சம்மதிக்கவேண்டும். நிற்பதற்கு ஒருவர் போதும்.

முதலில் இதை அறிந்தபோது எனக்குள் ஏதோ எதிர்த்தது. இலக்கியம் செய்வதெல்லாம் இதற்கு நேர்மாறான வேலையல்லவா? அறியாத ஒருவரின் முகத்தை நமக்குக் காட்டி, அந்த முகத்தை முன்வைத்து முடிவெடுக்கச் சொல்வதுதானே நாம் எழுதுவதும் வாசிப்பதும்? முகத்தை மறைத்துவிட்டு எடுக்கும் முடிவு எப்படி நல்ல முடிவாகும்? பல நாள் யோசித்த பிறகு எனக்குப் படுவது இதுதான். பனிமூட்டத்தில் இறங்கமுடியுமா என்ற கேள்விக்கு அந்தப் பிள்ளையின் முகத்தில் விடை இல்லை. பிள்ளை அழுவதால் மூட்டம் விலகப்போவதில்லை. விமானிக்கு அந்த முகம் தெரிந்தால் அவர் வானத்தைப் பார்ப்பதை விட்டுத் தன் ஆசையைப் பார்ப்பார். முடியும் என்று காட்டும் அடையாளங்கள் மட்டும் கண்ணில் படும். கருணைக்கு அங்கே இடமில்லை என்று இதற்குப் பொருளல்ல. இரவு பகலாக ஒரு ஹெலிகொப்டரையும் மூவரையும் ஆயத்தமாக வைத்திருப்பதே கருணையின் ஏற்பாடுதான். அந்தக் கருணை நாளைக்கும் இயங்கவேண்டுமானால் இன்றைக்கு அதன் கண்ணை ஒரு கணம் கட்டவேண்டியிருக்கிறது.

இருந்தும் இந்த நியாயம் எல்லாவற்றையும் ஆற்றிவிடுவதில்லை. போயிருந்தால் பிழைத்திருக்கக்கூடிய ஒரு பிள்ளை, போகாததால் இறந்திருக்கலாம். அப்படிப்பட்ட ஓர் இரவு அந்தச் சேவைகளில் வேலைசெய்பவர்களுக்கு நிச்சயம் வாய்த்திருக்கும். சரியான முடிவும் ஒரு மரணத்தோடு முடியக்கூடும் என்பதை ஏற்றுக்கொண்டே அவர்கள் மறுநாள் வேலைக்கு வருகிறார்கள். நடுவில் நின்று தன்னை அளக்கவேண்டிய மனிதருக்கு இது கசப்பான உண்மை. அவரது அளவுகோல் நல்ல முடிவுக்கு உத்தரவாதம் தராது. அவர் நேர்மையாக நடந்தார் என்பதை மட்டுமே அது சொல்லும்.

இன்னொரு மறுப்பும் இருக்கிறது. எப்போதும் திரும்பிப் போகும் மனிதர்களும் இருக்கிறார்கள். காற்று சற்று அசைந்தாலே கைவிடுபவர்கள். எதையும் தொடங்கி எதையும் முடிக்காதவர்கள். அவர்களுக்கு இக்கட்டுரை ஒரு சாட்டாகிவிடாதா? துணிவு என்பது கோழைத்தனத்துக்கும் அசட்டுத் துணிச்சலுக்கும் நடுவில் இருப்பது என்றார் அரிஸ்டோட்டில். அந்த நடுவைச் சூத்திரமாகச் சொல்லமுடியாது, வைத்தியரும் கப்பலோட்டியும் போலச் சந்தர்ப்பத்தைப் பார்த்தே காணவேண்டும் என்பதும் அவர் கருத்து. ஹெலிகொப்டர் இருந்திருந்தால் அதையும் சேர்த்திருப்பார். பயத்தில் கைவிடுபவருக்கும் முறையாகக் கைவிடுபவருக்கும் வித்தியாசம் இருக்கிறது. பயந்தவரின் எல்லை அந்தக் கணத்தில் பிறக்கிறது. முறையானவரின் எல்லை அமைதியாக இருந்தபோது வகுக்கப்பட்டது. அதைவிட முக்கியமாக, கோ அரவுண்ட் செய்பவர் வீட்டுக்குப் போய்விடுவதில்லை. அவர் சுற்றிவருகிறார். காற்றை இன்னொரு முறை பார்க்கிறார். அதே இடத்துக்கு, வேறு சரிவில், வேறு திசையில், மறுபடி வருகிறார். முடியாதென்று கண்டால் வேறோர் இடம் தேடுகிறார். இலக்கை அவர் விடவில்லை. அதற்கான இந்தப் பாதையை மட்டுமே விட்டார்.

நம்மில் பெரும்பாலோர் ஆர் 22இல் தனியாகப் பறப்பவர்கள் அல்லர். வாப்பாவாக, ஆசிரியராக, தலைவராக, நிருவாக சபை உறுப்பினராக, பின்னால் சிலரை அமர்த்திக்கொண்டே இறங்குகிறோம். தன் உயிரைப் பணயம் வைத்து உறுதி காட்டுபவரை மதிக்கலாம். பின்னால் இருப்பவர்களின் உயிரில் தன் உறுதியை நிறுவ எவருக்கும் உரிமையில்லை. நாம் போகிறோம் என்று முடிவெடுத்த கூட்டத்தில் அவர்கள் இருக்கவில்லை. 'வேண்டாம்' என்று சொல்ல அவர்களில் ஒருவருக்காவது இடம் வைத்திருக்கிறோமா?

ஆகவே தொடக்கத்தில் எழுப்பிய கேள்விக்கு என்னால் இப்போதைக்கு இவ்வளவுதான் சொல்லமுடிகிறது. ஒரு காரியத்தின் நடுவில் நிற்பவர், தான் உறுதியாக நிற்கிறாரா பிடிவாதமாக நிற்கிறாரா என்று அறிய, முடிவுவரை காத்திருக்கத் தேவையில்லை. எந்த நிலையில் நான் இதை விட்டு மேலெழுவேன் என்று தன்னைத்தானே கேட்டுப் பார்க்கலாம். அதற்கு ஒரு தெளிவான விடையும், திரும்பிப் போகும் அளவுக்குச் சக்தி மிச்சமும், அதைச் சத்தமாகச் சொல்லக்கூடிய ஒருவர் பக்கத்திலும் இருந்தால் அவர் தைரியமாக இறங்கலாம். எந்த நிலையிலும் விடமாட்டேன் என்பது விடையானால், பின்னால் இருப்பவர்கள் அதைத் தெரிந்துகொள்ளவேண்டும். தரை நெருங்குவதற்கு முன்பே.